இரத்தினவேல் பாம்புக்குப் பால் வைத்த கதை

நோர்வேயின் ஹொல்ம்லியாவில் இரத்தினவேல் குற்றம் கண்டுபிடிக்காத மாப்பிள்ளை இல்லை. ஒருவனுக்கு முன்தலை வழுக்கை, ஒருவன் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்துத் தீவான், இன்னொருவன் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் ஆலையில் மீன் வெட்டுகிறவன். தானும் அதே ஊரில் அதே மீனை வெட்டித்தான் இந்த நாட்டில் காலூன்றியவர் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

மகள் யதுர்ஷா பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். அவள் விரும்பியது கிளின்ரனை, தேவாலயத்துக்குப் போகிற மன்னார் வேதக்காரப் பொடியன். பேச்செடுத்தால் இரத்தினவேல் பாதியிலேயே வெட்டிவிடுவார்.

"உனக்கு நாகதோஷம். முதல்லை அது கழியட்டும்."

உயிருள்ள பாம்புக்குப் பால் வைக்கும்படி யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆடி மாத ஞாயிறொன்றில் இரத்தினவேல் பால் பெட்டியும் கிண்ணமுமாகப் புறப்பட்டார். மனைவி தங்கேஸ்வரி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"கொழுப்பெடுத்த பாலோ? இஞ்சருங்கோ, பாம்புக்கும் கொலஸ்ரோலோ?"

கடிபட்டால் அம்புலன்ஸ் கூப்பிட ஆள் வேண்டுமென்று யதுர்ஷாவும் கூடப் போனாள்.

ஹவுகெட்டோவுக்கு அப்பால் காட்டுக்குள் சதுப்பு நிலம். பாசி பஞ்சுபோல் அமுங்க, காலடியில் தவளைகள் பாய்ந்தன. வெயில் பட்ட கல்லொன்றில் வெண்கல நிறத்தில் ஒன்று நீண்டு கிடந்தது. இரத்தினவேல் பாலை முழுவதும் கிண்ணத்தில் ஊற்றி, கண்மூடிக் கும்பிட்டார்.

"அப்பா, அது பாம்பில்லை. காலில்லாத பல்லி. பாருங்கோ, கண் சிமிட்டுது. பாம்புக்கு இமையில்லை."

"நீ எனக்குப் பாம்பு படிப்பிக்கிறியோ?"

கோபத்தில் பின்னுக்கு வைத்த கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. பக்கத்துப் புல்மேட்டில், முதுகில் வளைவுக்கோடு ஓடிய விரியன் ஒன்று சுருண்டிருந்தது. இதுதான் பாம்பு. பால்தான் முடிந்துவிட்டது.

"அசையாதேங்கோ. வாயும் திறக்காதேங்கோ. வெயில் காயுது, தன்பாட்டிலை போகும். அதுவரைக்கும் நான் ஒண்டு சொல்லுறன்."

சொன்னாள். கிளின்ரன் வீட்டார் சாதகம் கேட்கவில்லை. அவன் காத்திருந்து களைத்துவிட்டான். ஆவணியில் பதிவுத் திருமணம், அப்பா வந்தாலும் வராவிட்டாலும். வந்தால் தனக்குச் சந்தோஷம்.

வாழ்நாளில் முதற்தடவையாக இரத்தினவேல் ஒருவர் பேசியதைக் கடைசிவரை கேட்டார். பாம்புக்குச் செவித்துளையே இல்லை என்பதை உயிரியல் ஆசிரியை அன்று படிப்பிக்கவில்லை.

விரியன் போனது. சப்பாத்தொன்று சேற்றோடு போனது.

"தோஷம் கழிஞ்சுதோ?" வீட்டு வாசலில் தங்கேஸ்வரி அவருடைய ஒற்றைக் காலுறையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பால் பல்லிக்குப் போயிட்டுது."

நெடுநேரம் கால் கழுவினார். பிறகு குளியலறைக்குள் இருந்தபடியே சொன்னார்.

"அந்தப் பொடியனை வாற ஞாயிறு தேத்தண்ணிக்கு வரச்சொல்லு. முழுப்பால் வாங்கி வை."