மெத்தைக் கிடங்கின் டிரம்மர்

மெத்தைகளுக்கு ஓரம் தைப்பது அக்காவின் வேலை. பகலில் எட்டு மணி நேரம் அவள் வலது கால் தையல் இயந்திரத்தின் மிதியில் இருக்கும். வேலை முடிந்தால் அதே கால் டிரம்மின் மிதிக்குப் போய்விடும். "உன் காலுக்கு மட்டும் லீவே கிடையாதாடி?" என்று அம்மா கேட்பாள். அக்கா சிரித்து மழுப்புவாள். முப்பத்தொரு வயதில் டிரம்ஸ் வாங்கி வந்தவளிடம் என்ன சொன்னாலும் ஏறாது என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

குழுவைத் தொடங்கியவள் அக்காதான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் 'தம்பி தொடங்கிய குழு' என்று எழுதித் தள்ளினார்கள். எழுதட்டும். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிட்டாரை நோண்டிக்கொண்டிருந்த அந்தத் தம்பியைப் பாட வைத்தவள் அவள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த நண்பன் நெட்டையின் கையில் பேஸ் கிட்டாரைத் திணித்தவளும் அவளே. முதலாளியை நச்சரித்து, மாலையில் கிடங்கில் வாசித்துக்கொள்ள அனுமதி வாங்கியதும் அவள்தான்.

கூரைவரை மெத்தை அடுக்கிய கிடங்கு அது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் அந்தப் பஞ்சுக்குள் போய் அடங்கிவிடும். பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருநாள்கூட முறைக்கவில்லை. நான்கு வருடம் மூன்று பேரும் அங்கேயே வாசித்தார்கள். சொந்தப் பாட்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று ஒரு வீம்பு வேறு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றித் தம்பி எழுதிய பாட்டை நெட்டை செல்போனில் பதிந்து இணையத்தில் போட்டான். மூன்று மாதம் அதைச் சீந்துவாரில்லை. பிறகு எப்படிப் பற்றிக்கொண்டதோ, கல்லூரிப் பிள்ளைகள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மூவரும் காபிக் கடைகளில் வாசித்தார்கள்; நிற்க இடமில்லாத கூட்டம். கடைசியில் ஓர் ஏற்பாட்டாளர் எண்ணூறு இருக்கை கொண்ட அரங்கத்துக்கு அழைத்தார். இரண்டு கச்சேரிகள், கூட்டத்துக்குப் பிடித்துப்போனால் பன்னிரண்டு ஊர்களுக்குச் சுற்றுப்பயணம் என்றார்.

முதல் கச்சேரியிலேயே அக்கா கோட்டை விட்டாள். அவள் அடித்த அடியும் தம்பியின் பாட்டும் பின்சுவர்வரை போய்ச் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தன. மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்த காது, சத்தம் திரும்பி வரும் என்பதையே அறியாதது. பாவம், தம்பிதான் பின்தங்குகிறான் என்று நினைத்து அவனுக்காகக் கொஞ்சம் நிதானித்தாள். அப்போதும் அவன் பாட்டு தாமதமாகவே திரும்பியது. இன்னும் நிதானித்தாள். மூன்றாவது பாட்டு ஜவ்வாக இழுத்தது. வந்தவர்கள் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தம்பி தொழிற்சாலைக்கே வந்தான்.

"அக்கா, ஏற்பாட்டாளர் கூப்பிட்டாரு. டிரம்ஸுக்கு வேற ஆள் பாக்கச் சொல்றாரு."

"நீ என்ன சொன்ன?"

அவன் மேசையிலிருந்த நூல்கண்டை உருட்டினான். "யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

முடியாது என்று அவன் சொல்லியிருந்தால், அவனுடைய நல்லதுக்காக அவளே விலகியிருப்பாள். அவள் சுபாவம் அப்படி. யோசிக்கிறேன் என்றதுதான் சுருக்கென்றது. இவனுக்கா இத்தனை வருடம் முட்டுக்கொடுத்தோம் என்று ஆத்திரம் வந்தது.

"நல்லா யோசி. ஆனா நான் போறதா இல்ல. அடுத்த கச்சேரிக்கு ரெண்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அவருக்குப் பதில் சொல்லாத."

முதல் கச்சேரியை நெட்டை பதிந்து வைத்திருந்ததை அன்று மாலை கேட்டாள். பின்தங்கியது தம்பியில்லை, தானே என்று தெரிந்தது. அதன்பிறகு மூவரும் கிடங்குப் பக்கமே போகவில்லை. சத்தம் எதிரொலிக்கும் இடமாகத் தேடி மேம்பாலத்தின் அடியில் வாசித்தார்கள், காலியான கார் நிறுத்தத்தில் வாசித்தார்கள், தண்ணீர் வடித்த நீச்சல்குளத்துக்குள் இறங்கிக்கூட வாசித்தார்கள். பாடும்போது தம்பியின் குதிகால் தாளம் தட்டும். காதை நம்பாமல் அந்தக் குதிகாலைப் பார்த்தே அடிக்கப் பழகினாள். பாட்டைத் தவிர வேறெதுவும் அவனிடம் பேசவில்லை.

இரண்டாவது கச்சேரியில் ஒரு பாட்டும் இழுக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றே கேட்கும் பழக்கத்தால் அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்த்திராத ஏற்பாட்டாளர், முடிந்ததும் உள்ளே வந்து தம்பியின் தோளைத் தட்டினார்.

"சொன்னதைக் கேட்டீங்களே, சந்தோஷம். புது டிரம்மர் பிரமாதம்."

தலையாட்டினால் போதும், சுற்றுப்பயணம் கையில். அக்கா தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"ஆளை மாத்தலைங்க," என்றான் தம்பி. "இவங்க எங்க அக்கா. அவங்க ஆரம்பிச்ச குழு இது. அவங்க இல்லாம நான் எந்த ஊருக்கும் வரமாட்டேன்."

ஏற்பாட்டாளர் அசடு வழிந்தபடி அக்காவுக்குக் கைகொடுத்துவிட்டு, பன்னிரண்டு ஊர்களின் பட்டியலை அவள் கையிலேயே தந்தார். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் தம்பியிடம், "ரெண்டு வாரம் லேட்டுடா," என்றாள். அன்று டிரம்ஸைப் பிரித்து வேனில் ஏற்றும் வேலை முழுவதையும் அவனே செய்தான். அவள் ஒரு குச்சியைக்கூடத் தூக்கவில்லை.