மேலே மழை பெய்ததா?

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. போன ஐப்பசியில் இருபது மாணவிகளைப் பாலாற்று மணலுக்கு உல்லாசப் பயணம் அழைத்துப் போனேன். வானம் பளிச்சென்று இருந்தது. குடிநீர், கட்டுச்சோறு, நிழல் எல்லாம் பார்த்துத்தான் இடம் பிடித்தேன். ஆற்றில் வாய்க்கால் அளவுக்கே தண்ணீர் ஓடியது.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, சற்றுத் தள்ளித் தோல் அலசிக்கொண்டிருந்தவர்கள் பாதி அலசிய தோல்களை அவசரமாகக் கரைக்கு இழுத்தார்கள். அவர்களுக்கும் சாப்பாட்டு நேரம் போலும் என்று நினைத்துவிட்டேன். அவர்களில் ஒரு பெண் எங்களிடம் ஓடிவந்தாள்.

“இன்னாம்மா இன்னும் குந்திக்கினு இருக்கீங்க? மேல இருந்து வெள்ளம் வருது, புள்ளைங்கள கரையேத்துங்க!”

சோற்றைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினோம். கரையேறித் திரும்பிப் பார்த்தால், நாங்கள் உட்கார்ந்திருந்த மணலின் மேல் செம்மண் வெள்ளம் புரண்டு போனது.

இருபது பேரும் தப்பினார்கள். மறுநாள் அவர்களில் ஒருத்தியான நூர்ஜஹானின் தந்தை வந்தார்.

“டீச்சரம்மா, ஆறு வர்ற மைசூர் சீமைப் பக்கம் மழையான்னு யாரையாச்சும் விசாரிச்சீங்களா?”

விசாரிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். வகுப்பிலேயே நன்றாகப் படித்த நூர்ஜஹானை அவர் அன்றோடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் ஆற்றுப் பக்கம் போவதென்றால், முதலில் ரயிலடிக்குப் போய் பெங்களூர் வண்டியில் வருகிறவர்களிடம் மழையை விசாரிக்கிறேன். தோல் அலசுகிறவர்களையும் கேட்கிறேன். அதன் பிறகே புறப்படுகிறோம்.

எங்கள் வரிசை நூர்ஜஹான் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வரும்.

“டீச்சர், இந்த வாட்டி எங்க போறீங்க?”