உறையில்லாத கசற்

பழைய மிசன் வீட்டில் ஒரு அறையை இடித்துக் குளியலறை கட்டப்போகிறார்கள் என்று, அங்கே கிடந்த சாமான்களை எல்லாம் முற்றத்தில் குவித்திருந்தார்கள். நான் கோயில் பீடத் துணிகளைத் தோய்த்து ஸ்திரிக்கை போட்டுக் கொடுக்கிறவள். அன்று துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கால் போன கதிரைகளுக்கும் கறையான் தின்ற புத்தகங்களுக்கும் நடுவில் ஒரு பிஸ்கற் தகரம் நிறையப் பழைய பாட்டுக் கசற்றுகள் கிடந்தன. எல்லாவற்றையும் எரிப்பதாகப் பேச்சு. எனக்கு ஒரு பொருளை வாய்திறந்து கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. அதனால் தகரத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். நிற்பதைப் பார்த்துவிட்டு மிசன் வீட்டு ஃபாதர் தானாகவே, வேண்டுமென்றால் கொண்டுபோங்கள் அம்மா என்றார். வாழ்நாளில் பல காரியங்களை நான் இப்படிச் சும்மா நின்றேதான் சாதித்திருக்கிறேன்.

மட்டக்களப்புப் பக்கம் தன்னாமுனையில் எங்கள் வீட்டில் நானும் மச்சாளும்தான். என் அண்ணன் செத்துப்போன பிறகு அவருடைய மனைவியும் நானும் ஒன்றாக இருக்கிறோம். நான் பேசாமல் விடுவதையும் சேர்த்து மச்சாள் பேசுவார். குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பியபோது நான் கொண்டுவந்த பெரிய ரேடியோ ஒன்று அலுமாரிக்கு மேல் தூங்கிக் கிடந்தது. அதற்குள் ரப்பர் வார் அறுந்திருந்தது. காத்தான்குடிக் கடையொன்றில் புதுவார் போட்டுத் தந்தார்கள். வாவிக் காற்றில் கசற்றுகளுக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவற்றைத் துடைத்து வெயில் படாமல் உலர்த்தி, சுற்றாமல் நின்றவற்றைப் பென்சில் விட்டுச் சுற்றினேன்.

முதலாவதைப் போட்டதும் மச்சாள் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். அப்படி ஒரு சத்தம். கிற்றார் என்றால் கிற்றார், தகரத்தை வாளால் அறுக்கிற மாதிரி. ஒரு ஆள் அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். உறையில் இருந்த படத்தில் நாலுபேர் பெண்களைப்போல முடி வளர்த்துத் தோல் உடுப்புப் போட்டு முறைத்துக்கொண்டு நின்றார்கள். மிசன் வீட்டில் பேய்ப்பாட்டு எப்படி வந்தது என்று இரண்டு பேரும் யோசித்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அந்தக் கத்தலுக்குள் "ஜீசஸ்" என்று ஒரு சொல் வந்தது. கொஞ்ச நேரத்தில் "அல்லேலூயா" என்றும் வந்தது. மச்சாள் கதவைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இறால் உரிக்கும் நேரமெல்லாம் பாட்டுத்தான். பேர் வாசிக்கத் தெரியாததால் படத்தைப் பார்த்து நாங்களே பேர் வைத்தோம். ஒரு கூட்டம் தாடிக்காரர். ஒரு கூட்டம் மின்னல் சட்டைக்காரர். தனியாக ஒரு பெண், செருப்பில்லாமல் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருப்பவள், அவளுக்கு வெறுங்கால்காரி என்று பேர். அவள் குரல் எனக்கு நல்ல விருப்பம். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து பாடுகிறவள் போல இருப்பாள். மச்சாளுக்கு மின்னல் சட்டைதான். அவர்கள் பாடினால் இறால் சீக்கிரம் முடியும் என்பார்.

லண்டனில் இருக்கும் மச்சாளின் மகளுக்கு உறைகளைப் படமெடுத்து அனுப்பினோம். அவள் தேடிப் பார்த்து, இவர்கள் எல்லாரும் நாற்பது ஐம்பது வருசத்துக்கு முன்னால் இருந்த கிறிஸ்தவ ரொக் குழுக்கள், இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகமில்லை என்றாள். இன்ரநெற்றில் ஒருசில பாட்டுக் கிடக்கிறதாம், அதைக் கேட்டவர்கள் எங்கள் ஊர் விடியற்காலைப் பூசைக்கு வருகிறவர்களிலும் குறைவாம். ஏன் அப்படி என்று மச்சாள் கேட்டார்.

"கோயில்காரருக்குச் சத்தம் கூடிப்போச்சாம். கடைக்காரருக்கு யேசு கூடிப்போச்சாம்" என்றாள் மகள்.

அன்றிலிருந்து எனக்கு அவர்கள்மேல் ஒரு பாசம். எந்தப் பக்கமும் சேராமல் ஓரமாக நிற்கிறவர்களின் சங்கடம் எனக்குத் தெரியும்.

தகரத்தின் அடியில் உறையில்லாத கசற் ஒன்று இருந்தது. அதைக் கடைசியாகத்தான் போட்டோம். முதலில் இரைச்சல், யாரோ இருமினார்கள். பிறகு ஒரு இளந்தாரிக் குரல், "ஊங், தோஸ், த்ரேஸ்" என்று எண்ணியது. உடனே ட்ரம் விழுந்தது, கிற்றார் பிடித்துக்கொண்டது. பாட்டு வந்தபோது என் கையில் இருந்த இறால் சட்டிக்குள் விழுந்துவிட்டது. தமிழ்ப் பாட்டு. அதுவும் எங்கள் பக்கத்து வாயால் பாடிய தமிழ். மெட்டும் எங்கேயோ கேட்ட மெட்டு, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை.

மச்சாள் பாடினவனையே யோசித்துக்கொண்டிருந்தார். நான் எண்ணினவனை யோசித்தேன். அந்த எண்ணிக்கை எனக்குத் தெரியும். கோயிலில் உட்காரும் வாங்குகளைத் திருத்த மட்டக்களப்பு ரவுணிலிருந்து பறங்கித் தச்சர்கள் வருவார்கள். அவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கேயம் கலந்த பழைய பறங்கிப் பாசை பேசுவார்கள். ஒரு வாங்கைத் தூக்குவதென்றால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு "ஊங், தோஸ், த்ரேஸ்" என்று எண்ணி, மூன்றில் தூக்குவார்கள். எண்ணாமல் ஒரு பலகையையும் எடுக்கமாட்டார்கள். அவர்களில் ஒரு தச்சர் மட்டும் த்ரேஸ் என்பதைச் சுண்டிவிட்டதுபோலச் சொல்லுவார். கசற்றிலும் அதே சுண்டல். குரல்தான் இளசு.

நான் இதைச் சொன்னதும் மச்சாள் சந்தையில் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்தத் தச்சர் இப்போது வீட்டுக்குப் பின்னால் சவப்பெட்டி செய்கிறார். தான் வாலிபத்தில் ஒரு கிற்றார்க் கூட்டத்தில் ட்ரம் அடித்ததாக எல்லாரிடமும் சொல்லுவாராம். அது நடந்து வெகுகாலத்துக்குப் பிறகு அவரைக் கட்டிக்கொண்ட மனைவி, கதை விடுகிறார் என்று சிரிப்பாராம். அவருக்கு வலது காது முற்றாகப் போய்விட்டது, இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது. கருவி வைத்தால் பேச்சு விளங்கும், பாட்டு விளங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். கேட்பதென்றால் இனிக் கெதியாகக் கேட்டால்தான் உண்டு.

உடனே போயிருக்க வேண்டும். ஆனால் பழக்கமில்லாத வீட்டு வாசலில் போய் நின்று, நீங்கள்தானா ட்ரம் அடித்தது என்று எப்படிக் கேட்பது. பஸ் வரும், எனக்குத் தலையிடி வரும். இப்படியே திருநீற்றுப் புதன் வந்து, தவக்காலமும் தொடங்கிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து, பெண்கள் புலம்பல் பாடினார்கள். மகனைச் சிலுவையில் பார்த்த தாய் அழுகிற பாட்டு, எங்கள் தாய்மார் காலத்திலிருந்து தவக்காலத்துக்குத் தவக்காலம் பாடுவது. நான் எப்போதும் பின்வரிசையில் வாயை மட்டும் அசைப்பேன். அன்று பாதிப் பாட்டில் என் காலே தானாகத் தட்டத் தொடங்கியது. கசற்றில் இருந்தது இதே மெட்டுத்தான். அந்தப் பெடியன்கள் புலம்பலை வேகம் கூட்டி ஓட விட்டிருக்கிறார்கள். எங்கேயோ கேட்ட மெட்டு என்று நினைத்தது, என் உதட்டிலேயே இருந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மச்சாள் ரேடியோவைப் படுக்கைவிரிப்பில் சுற்றி என் மடியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவரும் வந்தார். தலையிடி என்று சொல்ல எனக்கு இடம் வைக்கவில்லை.

தச்சர் பாதி முடிந்த பெட்டி ஒன்றுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார். மனைவி வெளியே வந்தார். மச்சாள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"தவசு காலத்துல இந்த வீட்டுல ரேடியோக்கூடப் பாடுறல்ல. யேசு உயிர்க்கிற பெரியநாள் முடியட்டும், மறுகா கொண்டாங்க."

"பெரியநாள் வரைக்கும் அவர்ட காது காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார் மச்சாள்.

"என்ட காது இருக்குதானே. நான் கேட்டுச் சொல்லுவன்."

தச்சர் சீவுளியை வைத்துவிட்டு, என்னவாம் என்று தலையாட்டினார். மனைவி அவருடைய இடது காதுக்குக் குனிந்து, நீங்கள் அடித்த பாட்டாம் என்று கத்தினார். அவர் என் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "ஒரு தரம்" என்றார்.

"யேசு பாடுபடுற காலத்துல ட்ரம்மா? எனக்கு ஒண்ணா."

அவர் பிடிவாதக்காரி இல்லை, விரதக்காரி. நாங்களும் அப்படித்தான் வளர்ந்தவர்கள். அதனால் மச்சாளுக்கே பேச்சு நின்றுவிட்டது. மச்சாள் வாயடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்த்தார். தச்சரும் என்னைப் பார்த்தார். சும்மா நின்றால் இந்தக் காரியம் நடக்காது என்று விளங்கியது.

"இது புலம்பல்தான் அக்கா" என்றேன்.

"எது புலம்பல்?"

விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். விளக்கம் வரவில்லை, பாட்டுத்தான் வந்தது. கீழே கிடந்த மரச்சீவல்களைப் பார்த்துக்கொண்டு முதல் அடியை மெதுவாகப் பாடினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, கிணற்றுக்குள் யாரோ பாடுவதுபோல. இரண்டாவது அடிக்கு அந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். புலம்பலை யாராவது தொடங்கினால் சேராமல் இருக்க எங்கள் பெண்களுக்குத் தெரியாது. மூன்றாவது அடியில் மச்சாள் வந்து சுருதியைக் கெடுத்தார்.

தச்சருக்கு எங்கள் குரல் எட்டியதோ தெரியாது. மூன்று பெண்களின் வாயையும் மாறிமாறிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவர், பெட்டி மூடியில் விரலால் தட்டத் தொடங்கினார். நாங்கள் ஒன்று பாடுமுன் அவர் நாலு தட்டினார். தட்டத்தட்ட எங்கள் பாட்டும் ஓடத் தொடங்கியது. மனைவி பாட்டை நிறுத்தி அவருடைய விரலைப் பார்த்தார்.

"இதத்தான் அடிச்சயளா?"

அவர் வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டு, ஓம் என்றார். கோயில் பெரியவர்களும் அன்றைக்கு இதைத்தான் கேட்டார்களாம், தாயின் அழுகைக்கு ட்ரம்மா என்று. மிசன் வீட்டில் இருந்த வெளிநாட்டு ஃபாதர் ஒருவருக்கு மட்டும் அது பிடித்து, மண்டபத்தில் வைத்துப் பதிவு செய்தாராம். அதோடு கூட்டம் கலைந்துவிட்டது. இரண்டுபேர் கடல் கடந்து போனார்கள், பாடினவர் செத்துப்போய்விட்டார். அந்தப் பதிவைத் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்றார்.

"போடுங்க" என்றார் மனைவி. "புலம்பல்தானே."

வேறு மேசை இல்லாததால் ரேடியோவைச் சவப்பெட்டி மூடிமேல்தான் வைத்தோம். தச்சர் குனிந்து இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்தார். இரைச்சல் வந்தது, இருமல் வந்தது. பிறகு, "ஊங், தோஸ், த்ரேஸ்."

மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை வருசம் அலுமாரி நகர்த்தவும் கட்டில் தூக்கவும் கேட்ட குரல், பெடியனாக இருந்து எண்ணியது. பாட்டு ஓடியது. பாடினவரின் குரல் வந்த இடத்தில் தச்சர் கண்ணை மூடினார். அவருடைய விரல் மட்டும் மூடியில் அடித்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் விரல் சட்டென்று நின்றது. கண்ணைத் திறந்தார், முகம் சுளித்தது.

"அந்த இடத்துல ஒரு அடிய விட்டுட்டன்" என்றார்.

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்ததில் கண்ணும் நிறைந்துவிட்டது. அவருடைய காதுக்குக் குனிந்து, நாங்கள் மட்டுமல்ல, தெருவே கேட்கும்படி சொன்னார்:

"அப்ப இது நீங்கதான்."

மற்றப் பாட்டுகளைப் பெரியநாளுக்குப் பிறகு கேட்கலாம் என்றும், மச்சாள் சொன்ன மின்னல் சட்டைக்காரரையும் கொண்டுவரச் சொல்லியும் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். அடுப்படி வாசலில் நின்று திரும்பி, இதை மட்டும் இன்னொருதரம் போடச் சொன்னார். இந்த முறை தானும் நன்றாகக் கேட்க வேண்டுமாம், கணவர் எந்த இடத்தில் அடியை விட்டார் என்று. நான் கசற்றைத் திருப்பிச் சுற்றவிட்டேன். தச்சர் அதற்குள் இரண்டு உளிகளைத் திருப்பிப் பிடி கீழே வர, ட்ரம் குச்சிகளைப்போலப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.