மூன்று காடுகளும் ஒரு கேள்வியும்

சரக்குக் கப்பலில் பாதை வரையும் அதிகாரி நான். எந்தத் துறைமுகத்துக்கு எந்த வழியாகப் போவது என்று நான் கோடு போடுவேன், கப்பல் போகும். விடுமுறையில் தூத்துக்குடிக்கு வந்ததும் அதே வேலையை வீட்டிலும் ஆரம்பித்தேன். நாலே நாளில் காரில் தேக்கடி, மூணாறு, டாப்சிலிப் பக்கம் மூன்று தேசியப் பூங்காக்கள். மணி வாரியாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

மூணாறில் ஒரு விடுதிக்குப் போன் செய்து எனக்கும் மனைவிக்கும் அறை கேட்டேன். போனை எடுத்த விடுதிக்கார அம்மாவிடம் திட்டத்தைப் பெருமையாக வாசித்தேன்.

“சார், எல்லாம் மலைப்பாதை. பகல் பூரா கார்லயேதான் இருப்பீங்க. வீட்ல அவங்க என்ன சொன்னாங்க?”

கேட்கவே இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

“முதல்ல அவங்களைக் கேளுங்க. எங்க ரூம் வேண்டாம்னாலும் பரவாயில்ல.”

என் மனைவி ஸ்டெல்லா அடுக்களையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“கப்பல்லதான் ஓடுதிய. இங்கன வந்தும் ஓடணுமா? ஏதாவது ஒரு எடத்துல போயி உக்காந்து பேசிட்டு வருவோம்” என்றவள், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “கல்யாணமாகி எட்டு வருசத்துல இன்னைக்குத்தான் எங்கிட்ட கேக்கிய.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

தேக்கடி மட்டும் போனோம். நாலு நாளும் பேசித் தீரவில்லை. மூணாறு அறை வேண்டாம் என்று சொன்னபோது அந்த அம்மா சந்தோஷமாகச் சிரித்தார்.

இப்போது மறுபடியும் கடலில் இருக்கிறேன். முகம் தெரியாத அந்த அம்மாவை நன்றியோடு நினைக்காத நாளில்லை. அடுத்த விடுமுறைக்கான தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டதாக நேற்று ஸ்டெல்லா போனில் சொன்னாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

“நீங்க வந்து கார்ல ஏறுங்க, போதும்” என்றாள்.