ரிக்கார்டு அறையில் ஒரு சுக்குக் கடை

பழைய ரிக்கார்டுகளோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்குச் சம்பளம் மாதம் ஒருமுறைதான் வரும், தும்மல் தினமும் வரும். திருவனந்தபுரத்தில் மகாராஜா ஆட்சி நடந்த நாளில், நாட்டின் பழைய வியாபாரங்களைப் பற்றிச் சரித்திரம் எழுத வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றிற்று. பழைய எழுத்து வாசிப்பான் என்று யாரோ என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். ரிக்கார்டு அறையில் குமாஸ்தாவாகப் போய் உட்கார்ந்தேன். உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான். காரணம் சர்க்காரின் சரித்திரம் அல்ல, என் அப்பா.

புல் தைலம்

அப்பா ஆறுமுகம் பிள்ளை சாலைக் கடைத்தெருவில் சுக்குக் கடை வைத்திருந்தவர். நான் நடை பழகுமுன்பே போய்விட்டார். போட்டோ கிடையாது. கடை இருந்த இடத்தில் இப்போது ஜவுளி விற்கிறார்கள். அவர் பெயர் சர்க்கார் ரிக்கார்டில் எங்காவது இருந்தால் ஒரு தடவை வாசித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவுக்கு அதைவிட ஆசை.

பழைய ஓலைகளில் எழுத்துத் தெரிவதற்குப் புல் தைலம் தடவுவார்கள். ரிக்கார்டு கீப்பர் நாணு நாயர் முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்தார். நான் நாலு ஓலைக்குத் தடவிவிட்டு, பொறுக்கமாட்டாமல் அப்பா காலத்துக் கட்டைப் பிரித்தேன். அதெல்லாம் காகிதம். தைலம் படிந்த என் கட்டைவிரல் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்தும் முன்பக்கத்து எழுத்தும் ஒன்றாகக் கலந்து நின்றன. நாயர் கோபிக்கவில்லை. "ஓலைக்குக் கொடுக்கிற மருந்தைக் காகிதத்துக்குக் கொடுக்கக்கூடாது, சாரே. அது செத்துப்போகும்."

முப்பாட்டன் கிடைத்தார்

மிளகு மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் வந்தார். கடைக்குப் புதுப் பலகை எழுதப்போகிறாராம். முப்பாட்டன் காலத்துக் கடை என்று போட ஆதாரம் வேண்டுமாம். தேடினேன். முப்பாட்டன் சிரமமே கொடுக்காமல் கிடைத்தார், கட்டுக்கட்டாக. எல்லாம் மிளகில் பப்பாளி விதை கலந்த வழக்கு.

வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. கலப்படக்காரர்தான், ஆனாலும் அவருக்கு ஒரு முப்பாட்டன் இருக்கிறாரே. எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முன்ன இருந்த மாதிரியே கட்டி வச்சிரும் வே. பலகையில எம் பேரை மட்டும் போட்டுக்கிடுதேன்."

வித்துரா வண்டிகள்

ஒருநாள் ஒரு கட்டு அகப்பட்டது. மலையடிவாரத்து வித்துராவிலிருந்து சுக்கு ஏற்றி வந்த வண்டிகளைச் சுங்கச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு தகராறு. அப்பாவுக்கும் சுக்கு அங்கிருந்துதான் வரும். காலமும் அவர் காலம். சாப்பாட்டை மறந்து கடைசிக் காகிதம்வரை வாசித்தேன். கத்தினவன் பெயர் இருந்தது, சேவகனைப் பிடித்துத் தள்ளினவன் பெயர் இருந்தது. அப்பா இல்லை. அந்த வரிசையில் அவர் வண்டியும் நின்றிருக்கும். வழி விட்டதும் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார். மழையில் நனைந்த சுக்கைத் திரும்பக் காயப்போட்டும் இருப்பார். அதை யார் எழுதி வைப்பார்கள்?

நாயர் கட்டை வாங்கித் திரும்பக் கட்டினார். "சண்டை பிடிச்சவனும் வரி கட்டாதவனும்தான் இவிடெ வருவான், சாரே. உங்க அச்சன் நல்ல மனுஷன். பின்னே எங்ஙனெ வரும்?"

அம்மா கேட்டது

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். வாயால் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அன்றைக்கு நாயர் சொன்னதைச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள். "அந்த மனுசன் யாருகிட்டயும் ஒரு சத்தம் போட்டதில்ல. அது ஒரு குத்தமாய்யா?"

மனு

மறுநாள் இதையும் நாயரிடம் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். சாலையில் சுக்குக் கடை நடத்திய ஆறுமுகம் பிள்ளையைப் பற்றிய ரிக்கார்டுக்கு நகல் வேண்டும் என்று மகன் மனு எழுத வேண்டும் என்றார். இல்லாததற்கு எப்படி நகல் கேட்பது என்றேன். எழுது என்று கையைக் காட்டினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு எழுதினேன்.

நாயர் சட்டப்படி எல்லாக் கட்டையும் மறுபடி பார்த்தார். 'மேற்படியார் பற்றி ரிக்கார்டு இல்லை' என்று எழுதி, மேலதிகாரியின் கையெழுத்து வாங்கி, மனுவுக்கு நம்பர் போட்டார். மனு தள்ளுபடியானாலும் அழிக்கக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அதை நிரந்தரக் கட்டில் வைத்து முடிச்சுப் போட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். நம் தொழிலில் அது ஒரு சௌகரியம்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கேட்டாள்: "வெறும் பேரை மட்டும் எழுதிட்டு வந்துரலையே? சுக்குக் கடைன்னு போட்டியா?"

சர்க்காரே 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டதால் ரிக்கார்டில் இருக்கிறவர், எனக்குத் தெரிந்து, என் அப்பா ஒருவர்தான்.