லக்கலவில் என்னை வளர்த்தவள்

நாவுலவில் என் மரக்கறிக் கடையைத் தெரியாதவர் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் இன்று இரண்டு லொறிக்குச் சொந்தக்காரன். எவன் தயவிலும் வளரவில்லை என்று மேடையேறிச் சொல்லுவேன். அப்படிப்பட்ட என்னைப் போன மாதம் மூன்று நாள் ஓரிடத்தில் உட்காரவிடாமல் செய்தாள் ஒரு கிழவி.

கடை வாசலில் நின்று, "மல்லி" என்றாள். என்னைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட ஒருத்திதான் உண்டு; லக்கலவில் என்னை வளர்த்தவளின் மகள்.

"அம்மாவுக்கு ரொம்ப ஏலாது. ஒன்னப் பாக்கணுமாம். வர்றியா?"

"பாப்போம்" என்று அனுப்பிவிட்டேன்.

தமிழரை அடித்த கலவரத்தில் தோட்டத்து லய வீட்டைவிட்டு ஓடியபோது எனக்கு ஐந்து வயது. பலாபத்வலச் சந்தி நெரிசலில் அப்பாவின் கை நழுவியது. காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்யும் ஒரு சிங்களவர் என்னைத் தூக்கிக்கொண்டு லக்கலவுக்குப் போய்விட்டார். எங்கள் ஆட்கள் தேடுவது தெரிந்தும் அவரும் அவர் மனைவியும் நான்கு வருஷம் என்னைக் கொடுக்கவில்லை. அதற்குள் என் அம்மா இறந்துபோனாள்.

மூன்றாம் நாள் என்னோடு இருக்கிற, கூடப்பிறந்த அக்காவிடம் சொன்னேன்.

"வெக்கமா இல்லையாடா? அம்மா ஒன்னத் தேடியே செத்துச்சு. கால்ல கயிறு கட்டி வச்சிருந்தவள பாக்கப் போறியா?"

கயிற்றுக் கதை நான் சொன்னதுதான். லயத்துக்குத் திரும்பியபோது தமிழ் மறந்திருந்தது; பிள்ளைகள் காட்டான் என்றார்கள். கட்டிவைத்தார்கள், அறுத்துக்கொண்டு வந்தேன் என்றதும் பெரிய ஆளானேன்.

"அந்தக் கயித்தோட மறுமுனை அவ கால்லதான் இருந்துச்சுக்கா. தூக்கத்துல சேனைக் காவல் பரண விட்டு எறங்கினா யானை மிதிச்சிரும். அவ மகளையும் அப்படித்தான் கட்டுவா."

"அப்ப நீ தப்பிச்சு வரலையா?"

"இல்ல. அப்பா பொலிஸோட வந்து இழுத்துக்கிட்டு வந்தாரு. அவரு கையக் கடிச்சேன். அந்த வெக்கத்துல அவரும் யாருக்கும் சொல்லல."

அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அம்மாவுக்கு அவ பதில் சொல்லணும். நான் வரமாட்டேன். போறதுன்னா நீ போ. இருட்டுறதுக்குள்ள வந்துரு."

லக்கலவில் என்னை வளர்த்தவள் பாயில் ஒரு பிடியாகக் கிடந்தாள். என் முகத்தைத் தடவிவிட்டுக் கேட்டாள்: "ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அதான் சரி" என்றாள். என் கையை விடவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னால் எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.