பூணூலில் தொங்கும் சாவி

ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கப் போய், வரலாற்றுத் தேர்வு எழுதிவிட்டுத் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் நீங்கள் எங்கள் பேகுசராய்ப் பக்கம் வந்ததில்லை. விசாரணைச் சன்னலில் நாகேஷ்வர் ராய் உட்கார்ந்திருக்கும்போது வரிசையில் நின்றதில்லை.

“ஹவுரா வண்டி எப்ப வரும்?” என்று கேட்கிறார் ஒரு கல்கத்தாக்காரர். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். “பீகாருக்குள்ள நுழைஞ்சாலே எல்லாம் லேட்டுதான்” என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார். நாகேஷ்வர் ராய் இடது உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்து வலது கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நிறுத்தி, ஒரு தட்டு தட்டுகிறார். தூள் பறக்கிறது. கல்கத்தாக்காரர் தும்முகிறார்.

“பாபு, அசோகர் எந்த ஊரு?”

“எந்த அசோகர்?”

“சக்கரவர்த்தி. உங்க சட்டைப் பையில இருக்கிற ரூபா நோட்டுல சிங்கம் நிக்குதுல்ல, அந்தச் சிங்கத்தைச் செஞ்சு வெச்ச ஆளு. அவரு எந்த ஊருன்னு சொல்லுங்க, வண்டி எப்பன்னு நான் சொல்றேன்.”

பின்னாலிருந்து ஓர் உள்ளூர்க் குரல் வருகிறது: “ராய்ஜி, அசோகரு வண்டி ஏறிப் போயி ரெண்டாயிரம் வருசம் ஆச்சு. என் வண்டி எந்தப் பிளாட்பாரம்?”

அசோகர் முடிந்தால் நாளந்தா. நாளந்தா முடிந்தால் புத்தர். “ஞானம் எங்க கெடச்சுச்சு அவருக்கு? எங்க மண்ணுல. உங்க ஊர்ல கெடச்சுச்சா?” என்று அவர் ஒருமுறை என்னிடமே கேட்டார். “ஞானம் கிடைச்சவுடனே மூட்டையைக் கட்டிக்கிட்டு சாரநாத் போயிட்டாரே ராய்ஜி, அது உத்தரப் பிரதேசம் ஆச்சே” என்றேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

பீகாரை அவரும் திட்டுவார். எனக்குத் தெரிந்து அவரளவுக்கு யாரும் திட்டியதில்லை. அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு தலைமுறையைத் தோண்டி எடுப்பார். ஒருநாள் ஒப்பந்தக்காரரின் பாட்டனார் வரை போயிருந்தார். எதிரே ராஜஸ்தான் எண் போட்ட லாரி ஒன்று நின்றது; ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராய் வாயை மூடிக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் குதிரை மேல் போகிறவர் மாதிரி முதுகை நிமிர்த்திக் கடந்தார். லாரி மறைந்த பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டனாரைத் தொடர்ந்தார்.

இதை எழுதும் நானும் யோக்கியன் இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இங்கே அரசாங்க எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்கு வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அரசு வேலை பார்க்கும் பையனைத் துப்பாக்கி முனையில் தூக்கிப் போய், கட்டிப்போட்டு, யாரோ ஒரு பெண்ணின் வகிட்டில் செந்தூரம் வைக்கச் செய்துவிடுவார்கள் என்று மன்னார்குடியிலேயே என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜாதகம், நல்ல நேரம், எச்சில் தீட்டு எதையும் நம்பாத நான் இதை அட்சரம் பிசகாமல் நம்பினேன். ஒரு மாதம் யார் தேநீர் கொடுத்தாலும் தொடவில்லை. மூன்று வருடமாகியும் யாரும் தூக்க வராதபோது லேசான வருத்தம் எட்டிப்பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“உங்கள யாரு தூக்குவா அண்ணே?” என்றார் ராய். “மூணு வேளையும் புளித்தண்ணி ஊத்திச் சோறு திங்குற ஆளு. ஜீப்பு வாடகைகூடத் தேறாது.” பிறகு முகம் இறுகி, “அப்படியெல்லாம் இங்க ஒண்ணும் நடக்கறதில்ல. பத்திரிகைக்காரன் கட்டிவிட்ட கதை” என்றார்.

போன ஜனவரியில் இந்தக் கதைதான் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அவருடைய ஒரே மகள் ரிச்சா புனேயில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் அனிமேஷ் வியாஸ் என்ற இந்தோர்ப் பையனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். பையனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் சம்பந்தம் பேச வருவதாகச் செய்தி வந்தது. ரிச்சாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஊர் பார்த்துத் திருப்தி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு என்று மாமன் போனில் சொல்லிவிட்டாராம்.

இந்தோர்! நாட்டிலேயே சுத்தமான நகரம் என்று ஆண்டுதோறும் பட்டம் வாங்கும் ஊர். ராய்க்கு ஒரு வாரம் தூக்கமில்லை. சந்திலிருந்த பள்ளத்தைத் தன் கையாலேயே செங்கல் தூள் போட்டு நிரப்பினார். சாக்கடை மேல் பலகை போட்டார். கடைசியாக என்னிடம் வந்தார்.

“நீங்கதான் அண்ணே சாட்சி. இருபத்திரண்டு வருசம், தனியா வந்த ஆளு, மதராசி, ஒருத்தன் தொடல. இதை மட்டும் சொல்லுங்க. சாரநாத்தைப் பத்திப் பேசாதீங்க.”

பனிமூட்டத்தால் ரயில் ஏழு மணி நேரம் தாமதம். நண்பகலில் வந்திறங்கினார்கள். சோபாவில் பையனை நடுவில் உட்காரவைத்து, அம்மா ஒரு பக்கமும் மாமன் மறுபக்கமும் அமர்ந்தார்கள். தேநீர் வந்தது. மாமன் முதலில் ஒரு வாய் குடித்து, சற்றுப் பொறுத்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பையனைப் பார்த்துத் தலையசைத்தார். பையன் கழிப்பறைக்குப் போனான். மாமன் பின்னாலேயே போய்க் கதவருகே காவல் நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய முதல் மாதத்தை நானே வெளியிலிருந்து பார்ப்பது போல் இருந்தது.

ராய்க்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. அவர் அசோகரில் இருந்தார். சாட்சியாகிய நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். லிட்டியும், சுட்டு மசித்த கத்திரிக்காய்ச் சோக்காவும் வந்தன. சுட்ட மாவு உருண்டைகளை நெய்யில் முக்கிச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே மாமன் சொன்னார்:

“எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. நாங்க கேக்கிற ஜாதி இல்ல. உங்க பொண்ணு உட்கார்ந்து போறதுக்கு ஒரு காரு குடுத்தீங்கன்னா, நாலு பேரு பாப்பாங்க. உங்க மாநிலத்துக்கும் கௌரவம்.”

பையன் தரையைப் பார்த்தான். ராயின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அவருக்கிருந்த சாலையோரத்து மாந்தோப்பு கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன். அதைத் தவிர அவரிடம் விற்க ஒன்றுமில்லை. ‘உங்க மாநிலத்துக்கும்’ என்ற இடத்தில் அவர் விழுந்துவிட்டார். “அதுக்கென்ன, செஞ்சிரலாம்” என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. வாயைத் திறக்கவில்லை. சாட்சி தன் வாக்கியத்தைத் தாண்டிப் பேசக்கூடாது அல்லவா?

காரியம் முடிந்ததும் மாமன் எழுந்தார். நாலரை மணி வண்டிக்கே திரும்பிவிடுகிறோம் என்றார். மறுநாள் சங்கராந்தி. அவலும் தயிரும் எள்ளுருண்டையும் சாப்பிடாமல் ஒரு சம்பந்தி வாசலைத் தாண்டுவதா? எங்கள் பேகுசராய்ப் பக்கத்தில் விருந்தாளி கிளம்புகிறேன் என்றதும் செருப்பை ஒளித்துவைப்பது பாதி மரியாதை. வெளிக்கதவைப் பூட்டுவது முழு மரியாதை. விருந்தாளி கோபப்படுவதாக நடிக்க வேண்டும். வீட்டுக்காரர் காது கேளாதவராக நடிக்க வேண்டும். பிறகு எல்லோரும் இன்னொரு வேளை சாப்பிடுவார்கள். ராய் முழு மரியாதை செய்தார். பைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினார், இரும்புக் கதவில் பெரிய பூட்டைப் போட்டார், சாவியைப் பூணூலில் முடிந்து சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கயிறு ஓர் உபயோகமான வேலை செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

“கதவைத் திறங்க” என்றார் மாமன்.

“திறக்க முடியாது” என்று சிரித்தார் ராய்.

“நாங்க போகணும்.”

“எப்படிப் போறீங்கன்னு நானும் பாக்கிறேன்.”

மாமனின் குரல் உயர உயர, ராயின் முகம் மலர்ந்தது. இந்தோர்க்காரர்களுக்கு இவ்வளவு நன்றாக மரியாதை தெரியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அம்மா பையனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போனார். மாமன் கைபேசியை எடுத்துப் போலீஸ் எண்ணை அழுத்தத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ராய்ஜி, நிஜமாவே பயப்படுறாங்க. சாவியக் குடுங்க” என்றேன்.

“அப்ப அது உண்மைதானா?” என்றார் பையனின் அம்மா. “இங்க பசங்களைப் புடிச்சு வெச்சுக் கட்டிவெப்பாங்கன்னு சொன்னது?”

ராய்க்கு அடி விழுந்தது. “பொய்ம்மா. சுத்தப் பொய். பேகுசராயில முப்பது வருசமா நான் கேள்விப்பட்டதே இல்ல. அண்ணே, சொல்லுங்க.”

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து அவருடைய மனைவி இந்து தேவி வந்துவிட்டார். கையெல்லாம் மாவு.

“எதுக்குப் பொய் சொல்றீங்க ரிச்சாப்பா?” என்றார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, “இவரையே அப்படித்தான் புடிச்சாங்க. ரயில்வே ஆர்டர் வந்து ஒம்பதாம் நாளு. பிடிச்சது எங்க அப்பா.”

நான் இருபத்திரண்டு வருட சாட்சி. எனக்கே அது அன்றுதான் தெரியும்.

“ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு” என்றார் ராய், தரையைப் பார்த்து, மிக மெல்ல. “குதிச்சு ஓடியிருக்கலாம். ஆட்டுக்கறி வெந்துக்கிட்டிருந்துச்சு.”

“கறியைத் தின்னுட்டு, ரெண்டு வருசம் என்னை ஏத்துக்கல” என்றார் இந்து தேவி. “இவரைக் கட்டுன கயித்தை மறுநாளே அவுத்துட்டாங்க. இவருக்கு நடந்ததை ஊரே கேட்டுச்சு. எனக்குச் சம்மதமான்னு அன்னிக்கும் யாரும் கேக்கல, அப்புறமும் கேக்கல. ஏன் புடிச்சாங்க தெரியுமா? இவங்க அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டாரு. எங்க அப்பாகிட்ட அதுக்கு வழியில்ல. ஒரு நாளைக்கு ஜீப்பு எடுக்கத்தான் வழி இருந்துச்சு.” மாவுக் கையை மாமனின் பக்கம் நீட்டினார். “நான் எங்க அப்பாவை நியாயப்படுத்தல. அவரு துப்பாக்கியக் காட்டுனாரு. நீங்க பல்லைக் காட்டுறீங்க. எதிர்ல நிக்கிறவன் நெஞ்சுல ரெண்டும் ஒரே எடத்துலதான் படுது.”

மாமனின் கைபேசியில் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

ராய் சட்டைப் பித்தானைக் கழற்றினார். சாவியின் முடிச்சு இறுகிக் கிடந்தது. பூணூலையே தலைவழியாகக் கழற்றி, சாவியோடு மனைவியின் மாவுக் கையில் வைத்தார். இந்து தேவி போய்ப் பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“போறவங்க போகலாம். காரு கெடையாது.”

மாமன் வெளியே போனார். பலகை மேல் கால் வைத்துச் சாக்கடையைத் தாண்டினார். அம்மா வாசலில் நின்றார். பையன் கட்டிலுக்கடியில் குனிந்து மாமனின் பையை மட்டும் இழுத்து எடுத்தான்.

“ஆன்ட்டி, காரு கேட்டது ரிச்சாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிருவா.”

“நான் சொல்லப்போறதில்ல” என்றார் இந்து தேவி. “நீயே சொல்லு.”

அவன் பையைக் கொண்டுபோய் வெளியே மாமனிடம் கொடுத்தான். ஏதோ பேசினார்கள், கேட்கவில்லை. தனியாகத் திரும்பி வந்தான். வந்தவன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கமாகத் தாழ்ப்பாளைத் தானே போட்டான். அவனுடைய அம்மா செருப்பைக் கழற்றினார். “எங்க அண்ணனுக்குச் சர்க்கரை. வழியில பசி தாங்க மாட்டாரு” என்றார். இந்து தேவி நான்கு லிட்டியைத் தாளில் சுற்றிக் கதவுக் கம்பி வழியாக நீட்டினார். மாமன் வாங்கிக்கொண்டார்.

ரிச்சா ஒரு மாதம் அவனோடு பேசவில்லையாம். பிறகு புனேயில் பதிவுத் திருமணம். மாந்தோப்பு அங்கேயேதான் இருக்கிறது.

சன்னலில் அசோகர் இப்போது ஓய்வெடுக்கிறார். போன வாரம் ஒரு பயணி, “இங்க மாப்பிள்ளையத் தூக்குவாங்களாமே?” என்று இளித்தார். “ஆமா. என்னையே தூக்குனாங்க. தப்புதான்” என்றார் ராய். ஒரு தட்டு தட்டினார். “உங்க கல்யாணத்துக்கு நீங்க என்ன வாங்குனீங்க?” பயணி ரயில் நேரம் கேட்காமலே போய்விட்டார்.

வரிசையில் அடுத்து நின்றது நான். ராய் என்னை நிமிர்ந்து பார்த்தார்; கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியதாயிற்று. என் கல்யாணத்துக்கு என் மாமனார் ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார். ‘அவர்களாகவே கொடுத்தது’ என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேன். வரதட்சிணையைக் கண்டித்து மன்னார்குடியில் ஒன்றரை மணி நேரம் மேடையில் பேசிவிட்டு, அதே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பித்தான் வீடு திரும்பினேன்.

ராய் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு, சன்னலின் தகரத்தை என் முகத்துக்கு முன்னால் இழுத்து மூடினார்.

அந்தச் சன்னலுக்கு நீங்கள் ஒருநாள் வரக்கூடும். வருவதற்கு முன், பீகாரைப் பற்றி அடுத்த நகைச்சுவையைச் சொல்வதற்கு முன், உங்கள் வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை போய்ப் பாருங்கள். அது யார் எதை விற்று வாங்கியது என்று உங்கள் மனைவியிடம் இன்றைக்கே கேளுங்கள்.